கறி யாருடைய சொல்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் அரை மணி நேரம்தான். ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் 'கறி எடுக்கப் போகிறேன்' என்று சொன்னால், அவர் ஆட்டிறைச்சி வாங்கப் போகிறார் என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை ஒட்டிய வைணவ இல்லம் ஒன்றில் 'இன்றைக்கு என்ன கறியமுது?' என்று கேட்டால், வாழைக்காயா, அவரைக்காயா, சேனைக்கிழங்கா என்று கேட்பதாகப் பொருள். ஓர் ஊரில் புலால். மறு ஊரில் மரக்கறி. இரண்டு ஊர்களிலும் இரண்டு வகையான பேச்சும் உண்டு என்பதும் உண்மையே. சொல் மட்டும் ஒன்று.

இதே சொல்தான் கடல் கடந்து 'கர்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லாக ஆயிற்று. உலகில் இந்திய உணவு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் சொல்லும் அதுவே. ஆனால், அந்தச் சொல் இன்று இரண்டு பக்கமும் பழிக்கப்படுகிறது. 'கர்ரி என்று இந்தியாவில் எதுவும் இல்லை. அது வெள்ளையர் கட்டிவிட்ட பெயர்' என்று வெளிநாடுகளில் வாழும் இந்தியர் பலர் வாதிடுகின்றனர். உள்ளூரிலோ, 'கறி' என்றால் புலால் மட்டுமே என்று பொருள் சுருங்கி, அது வீடுகளையும் மனிதர்களையும் தரம் பிரிக்கும் அடையாளமாக மாறி வருகிறது. இந்த இரண்டு கருத்துகளும் சொல்லின் வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். வல்லின 'ற' இட்டு எழுதினால் கறி. இடையின 'ர' இட்டு எழுதினால் கரி. பின்னது அடுப்புக்கரிக்கும் யானைக்கும் உரியது. உணவகப் பலகைகளில் 'கோழிக் கரி' என்று எழுதியிருப்பதைக் காணும்போதெல்லாம், சமையலர் கோழியைத் தீய விட்டுவிட்டாரோ என்று தோன்றும். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

'கறித்தல்' என்னும் வினைக்குக் கடித்தல், மென்று தின்னுதல் என்று பொருள். அதன் பெயர்ச்சொல் வடிவமே 'கறி'. கடித்து உண்ணப்படுவது எதுவோ அது கறி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, இந்தச் சொல்லுக்குக் காய்கறி, இறைச்சி, மிளகு ஆகிய பொருள்களைத் தருகிறது. இந்த மூன்றில் இன்று வழக்கொழிந்தது மிளகு என்னும் பொருள்தான். சங்க காலத்திலோ அதுவே பெருவழக்காக இருந்தது.

அகநானூற்றின் 149-ஆம் பாடலில், யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறித் துறைமுகத்துக்கு வந்து மிளகோடு திரும்பிச் சென்ற செய்தி இடம்பெறுகிறது. மிளகைக் குறிக்க அங்கே புலவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் ஆளும் சொல் 'கறி'. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்திருந்த மிளகு மூட்டைகளை இதே சொல்லால்தான் குறிக்கிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரைத் தாண்டினால் மிளகு விளையும் மலைநாடு. இந்த வட்டாரத்து மக்கள் செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாக இன்றும் கடந்து செல்லும் அந்த மலையின் மறுபக்கச் சரிவுகளில் படரும் கொடியின் காய்தான், ரோமானியரின் பொன்னை இங்கே வரவழைத்தது.

கறி என்பது மிளகை மட்டுமே குறித்ததா என்றால், அப்படியும் இல்லை. புறநானூற்றின் 14-ஆம் பாடல் கபிலர் பாடியது. சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன், புலவரின் கைகள் மிக மென்மையாக இருப்பதைக் கண்டு வியக்க, ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு கடுந்தொழில் அறியாத கைகள் இவை என்று கபிலர் விடை சொல்கிறார். சோற்றுக்குப் பக்கத்தில் கறி வந்து அமர்ந்துவிட்டதை அங்கேயே காண்கிறோம். ஊன் தனியே சொல்லப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். அப்படியானால் கறி என்பது ஊனுக்கு மறுபெயர் அல்ல. சோற்றோடு சேர்த்து உண்ணும் வேறொன்று.

அடுத்த சான்று கோயிலில் கிடைக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் பழமையானது. இறைவனுக்கு நாள்தோறும் படைக்க வேண்டிய அமுதுகளை அது அளவுகளோடு பட்டியலிடுகிறது. அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் என்று தொடரும் அந்தப் பட்டியலில் காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி என்று கறி வகைகளும் உள்ளன. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகியவற்றுக்கும் அதில் ஒதுக்கீடு உண்டு. கறிமசால் தூள் டப்பாவின் மேலே அச்சிட்டிருக்கும் பொருள்களின் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு அதிகம் இருக்காது. மிளகாய் மட்டும்தான் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. வந்த பின்னும் நாம் அதற்குப் புதுப்பெயர் தேடாமல், மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்று அழைத்தோம்.

ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோயில் மடைப்பள்ளியில் கறி நுழைந்துவிட்டது. வைணவ மரபில் அது 'கறியமுது' ஆயிற்று. ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது, காய் வதக்கலோ பொரியலோ கறியமுது. பேச்சு வழக்கில் இது 'கறமது' என்று தேய்ந்து ஒலிப்பதை ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் இன்றும் கேட்கலாம். புலால் உண்ணாத இல்லங்களின் அன்றாடச் சொல்லாகக் கறி இருந்தது, இருக்கிறது.

ராஜபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களின் வீடுகளில் இதே பணியைச் செய்யும் சொல் 'கூர'. அது வேறு சொல்தான் என்றாலும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றே. காய்கறிகளுக்கு 'கூரகாயலு' என்று பெயர். சமைத்தால் அதுவும் கூர. இறைச்சியைச் சமைத்தால் அதுவும் கூர. சோற்றுக்குத் துணையாக வருவதை, அது எந்தப் பொருளால் ஆனது என்று பாராமல், ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் தென்னிந்தியச் சமையலறைகளுக்குப் பொதுவானது. கரிசல் வட்டாரத்தில் 'வெஞ்சனம்' என்பார்கள்; நாஞ்சில் நாட்டில் 'தொடுகறி' என்பார்கள். கருத்து ஒன்றுதான்.

இலங்கைத் தமிழர் இந்தப் பழைய பொருளை இன்னும் தெளிவாகக் காத்து வருகின்றனர். அங்கே காய்கறிக்கு 'மரக்கறி' என்று பெயர். மீன்கறி, முட்டைக்கறி, பருப்புக்கறி எல்லாமே கறிதான். புலாலைக் குறிக்க 'இறைச்சி' என்ற தனிச்சொல் உண்டு. மலையாளத்திலும் அப்படியே; கடலைக்கறியும் மீன்கறியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்தச் சொல்லை ஐரோப்பியர் எடுத்துச் சென்றது இந்தப் பரந்த பொருளோடுதான். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அச்சான தம் நூலில் 'கரில்' என்ற பெயரில் இதைக் குறிப்பிடுகிறார். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மீனைச் சாறாகக் காய்ச்சிச் சோற்றில் ஊற்றி உண்கிறார்கள், அது சற்றே புளிப்பாக இருந்தாலும் நன்றாகவே இருக்கிறது என்று அவர் எழுதுகிறார். நம் வீட்டு மீன் குழம்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

என்னை மிகவும் கவர்ந்த விளக்கம் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பியவர் அவர். 1681-இல் வெளியான தம் நூலில், இலங்கை மக்கள் காய்களை முற்றிப் பழுக்குமுன் பறித்து வேகவைத்துக் கறியாக்குகிறார்கள் என்றும், சோற்றுக்குச் சுவை கூட்டச் சேர்த்து உண்பதே கறி என்றும் எழுதினார். பொடியென்றும் சொல்லவில்லை, குழம்பென்றும் சொல்லவில்லை, இறைச்சியென்றும் சொல்லவில்லை. சோற்றோடு கறிக்கு உள்ள உறவையே பொருளாகச் சொன்னார்.

அந்த உறவு அறுந்தது இங்கிலாந்தில். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், இந்திய முறையில் 'கர்ரி' செய்வதற்கான குறிப்பு ஒன்று உண்டு. கோழியோ முயலோ எடுத்து, வெங்காயமும் முப்பது மிளகும் சேர்த்து, கொத்தமல்லி விதையை வறுத்துப் போடச் சொல்கிறது முதற்பதிப்பு. மஞ்சளும் இஞ்சியும் பிந்தைய பதிப்புகளில்தான் இடம்பெற்றன. கறி என்ற சொல்லின் பழம்பொருளான மிளகு, அந்த முதல் ஆங்கிலக் கறியின் சட்டியில் இருந்தது என்பது இனிய தற்செயல்.

அதன் பின் வணிகம் உள்ளே வந்தது. 1784-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் கறிப்பொடிக்கு விளம்பரம் வெளியாயிற்று. ஊர் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அம்மியும் இல்லை. அரைத்துத் தர ஆளும் இல்லை. ஆகவே எல்லாச் சமையலுக்கும் ஒரே பொடி என்ற ஏற்பாடு பிறந்தது. 1810-இல் ஷேக் தீன் முகம்மது என்ற இந்தியர் லண்டனில் 'இந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். இதற்கிடையே சென்னையில் இருந்த ஆங்கிலேயர் நம் மிளகுத் தண்ணீரை 'முல்லிகட்டானி' என்ற சூப்பாக மாற்றிக்கொண்டனர். வங்கம், அவத், பஞ்சாப் என்று எந்த நாட்டுச் சமையலாக இருந்தாலும், ஆள்வோர் அதற்குக் 'கர்ரி' என்றே பெயரிட்டனர். குருமாவும் காலியாவும் சால்னாவும் ஒரே பெயருக்குள் அடைபட்டன.

பிரிட்டனிலிருந்து அந்தப் பொடி ஜப்பானுக்குப் போய், அங்கே 'கரே' என்ற அன்றாட உணவாயிற்று. 1949-இல் பெர்லினில் ஹெர்டா ஹோய்வர் என்ற பெண்மணி, பன்றி இறைச்சித் துண்டுகளின் மேல் தக்காளிச் சாற்றையும் கறிப்பொடியையும் தூவி விற்ற 'கரிவுர்ஸ்ட்', ஜெர்மனியின் தெருவோர உணவாகவே நிலைத்துவிட்டது. முசிறியில் ஏற்றுமதியான பொருளின் பெயர், இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

இந்த வரலாற்றில் மனக்குறைக்கும் இடம் உண்டு. சமையல் எழுத்தாளர் மதுர் ஜாஃப்ரி, 1970-களில் வெளியிட்ட தம் முதல் நூலில், 'கர்ரி' என்ற சொல் இந்தியாவின் உயர்ந்த சமையல் கலையை இழிவுபடுத்துகிறது என்று கண்டித்தார். தில்லியில் பிறந்த அவருக்கு அது முற்றிலும் அயற்சொல். 2021-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் நகைச்சுவைப் பத்தி ஒன்று, இந்திய உணவு முழுவதும் ஒரே ஒரு மசாலாப் பொருளை நம்பியது என்று எழுதி, அதைக் 'கர்ரி' என்றும் சொல்லிவிட்டது. எழுத்தாளர் பத்மா லட்சுமி உள்ளிட்ட பலர் கண்டித்த பிறகு நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. மேலைநாட்டுப் பள்ளிகளில் இந்தியக் குழந்தைகளின் உணவுப் பெட்டியை இழித்துப் பேசவும் இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. எனவே இதை வெறுப்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால், 'இப்படியொரு சொல்லே இந்தியாவில் இல்லை' என்று அவர்கள் முடிவு கட்டும்போதுதான் நான் மாறுபடுகிறேன். இந்தியில் இல்லாதது இந்தியாவிலேயே இல்லை என்று ஆகிவிடாது. பொடி பிரிட்டனின் கண்டுபிடிப்பாக இருக்கலாம்; சொல் அன்று. வடநாட்டின் 'கடி' என்னும் மோர்க் குழம்பிலிருந்து வந்தது என்றும், 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சமையலைக் குறித்த 'கியூரி' என்ற பிரெஞ்சு வழிச் சொல்லின் தொடர்ச்சி என்றும் சிலர் சொல்வதுண்டு. அந்த ஆங்கிலச் சொல் பொதுவாகச் சமையல் கலையைக் குறித்ததேயன்றி, மசாலா சேர்ந்த எந்த உணவையும் குறிக்கவில்லை. லின்ஸ்கோட்டனும் நாக்ஸும் ஹன்னா கிளாஸும் இது கிழக்கிலிருந்து வந்தது என்றே தெளிவாக எழுதினார்கள். தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், இதன் மூலம் தமிழ்க் கறியே என்று பதிவு செய்தது. இன்றைய ஆங்கிலப் பேரகராதிகளும் அதையே ஏற்கின்றன. ஜாஃப்ரி அம்மையாரும் பின்னாளில் கர்ரி என்ற பெயரிலேயே ஒரு பெருநூல் எழுதினார்.

சொல்லைப் பிறர் கெடுத்ததைப் பற்றிப் பேசினோம். நாம் கெடுப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். கறி என்பதன் பொருள் தமிழ்நாட்டில் வேகமாகப் புலாலை நோக்கிச் சுருங்குகிறது. 'கறி சமைப்பவர்களுக்கு வீடு இல்லை' என்று வாடகைக்கு வீடு தேடுவோரிடம் சொல்லப்படும் வாசகம், சென்னை தொடங்கிச் சிற்றூர்கள் வரை பலர் கேட்டது. அந்த வாசகத்தின் உண்மையான பொருள் சமையலைப் பற்றியது அன்று. கேட்பவரின் சாதியைப் பற்றியது என்பதைச் சொல்பவரும் அறிவார், கேட்பவரும் அறிவார். கோயில் மடைப்பள்ளியில் அமுது என்ற அடைமொழியோடு விளங்கிய சொல், ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் சொல்லாக மாறியிருப்பது வருந்தத்தக்கது.

தமிழின் சொற்களஞ்சியம் இந்தப் பிரிவினைக்குத் துணை நிற்கவில்லை. காய்கறி என்ற சொல்லுக்குள்ளேயே கறி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சந்தையில் அதைச் சொல்லிக்கொண்டே, கறி என்றால் புலால்தான் என்று எப்படி நம்புகிறோம்? தாளிப்பில் போடும் கறிவேப்பிலையின் பெயரும் இதையே சொல்கிறது. வேம்பின் இலையைப் போன்ற தோற்றமுடைய, ஆனால் கறியில் இடத்தகுந்த இலை என்பதால் அந்தப் பெயர். சைவச் சமையலோ அசைவச் சமையலோ, அந்த இலை எந்த வீட்டுத் தாளிப்பிலும் வேறுபாடு பார்ப்பதில்லை.

இன்னொரு விந்தையும் நடக்கிறது. நெடுஞ்சாலை உணவகங்களின் பட்டியல்களில் 'சிக்கன் கர்ரி', 'வெஜ் கர்ரி' என்று தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறார்கள். லிஸ்பனும் லண்டனும் சுற்றிவிட்டு வந்த பிள்ளையை, பெற்ற வீடே அடையாளம் தெரியாமல் விருந்தாளியாக வரவேற்பதைப் போன்றது இது. 'கோழிக்கறி', 'காய்க்கறி' என்று எழுதினால் எழுத்தும் மிச்சம், பொருளும் துல்லியம். காய்க்கறி என்பது நான் புனைந்த சொல் அன்று. வரகுண பாண்டியன் காலத்துக் கல்லில் உள்ள சொல்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பள்ளித் தமிழ்ப் பாடத்தில் பிறமொழிகளுக்குச் சென்ற தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடும்போது, கறி என்று பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், மிளகு, காய், ஊன் என்று அது சுமந்த பொருள்களையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். உணவகங்கள் தங்கள் பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்தலாம். வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம் யாரேனும் 'கர்ரி' என்று எள்ளலாகச் சொன்னால், அவர்கள் வெட்கித் தலைகுனிய வேண்டியதில்லை. 'எங்கள் சொல்தான், பொருளை நீங்கள் பாதிதான் கற்றீர்கள்' என்று மறுமொழி சொல்லலாம்.

அப்படிச் சொல்வதற்கு முன்பு, மீதிப் பாதியை நாம் மறந்துவிடக் கூடாது. ராஜபாளையத்து ஆட்டுக்கறியும் ஸ்ரீவில்லிபுத்தூரின் வாழைக்காய்க் கறியமுதும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். இலையில் எது பரிமாறப்பட வேண்டும் என்பது உண்பவரின் விருப்பம். யாருக்கு இலை போடுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சொல்லுக்கு எவரும் தந்ததில்லை; நாமும் தர வேண்டியதில்லை.